கிளெமாட்டிஸ் பற்றிய எட்டாவது அறிக்கை

உ

தர்மபுரம்
10.08.2025

அன்புள்ள அருந்ததிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். பிள்ளையார்மேல் எனக்கு இப்போது சின்ன மனத்தாங்கல் ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். உமது தடிமனும் தும்மலும் மாறிவிட்டதா? காதையும் கழுத்தையும் மூடிக் கட்டும். மாணவிகள் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

சித்திரை லீவில் ஹட்டனிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினீரே கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடிச் சாடி, அதைப் பற்றிய எட்டாவது அறிக்கை இது. “போனில கேட்டால் ஓம், இல்லை, சரி எண்டதுக்கு மேல உங்களிட்ட ஒண்டும் வராது. பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா செடியைப் பற்றி எழுதிப் போடுங்கோ” என்று நீர் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து தவறாமல் எழுதி வருகிறேன். உர மானியத்துக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காக ஒருவருக்கும் எழுதியதில்லை.

போன கடிதத்தில் நீர் ஒரு கேள்வி கேட்டிருந்தீர். கல்வியியற் கல்லூரியில் நீர் விவசாயம் படிப்பிக்கும் இரண்டு வருடமும் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிப் பீடாதிபதி கேட்கிறார், விருப்பமில்லை என்றால் வவுனியாவுக்கு மாற்றம் கேட்கலாம், இந்த மாதம் 29ஆம் திகதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. முக்கியமான கேள்வி. ஆனபடியால் அதைக் கடைசியில் ஆறுதலாக எழுதுகிறேன். முதலில் செடி.

செடி பூத்துவிட்டது!

ஆனால் அந்தப் பூவை உமக்குக் காட்ட என்னால் முடியாது. நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உமக்கு விளங்கும்.

வேர் குளிர்ச்சியிலும் தலை வெயிலிலும் இருக்க வேண்டும் என்று அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனீர். அனல் வீசும் இந்தக் கச்சான் காற்றில் தர்மபுரத்தில் குளிர்ச்சியான வேர் எவருக்கும் இல்லை. எனக்கே இல்லை. சாடியைத் தூக்கிக்கொண்டு வளவு முழுக்க அலைந்தேன். மாமரத்துக்குக் கீழே வைத்தால் தலைக்கு வெயில் இல்லை, கிணற்றடியில் வைத்தால் வேருக்கு நிழல் இல்லை. கடைசியில் றோட்டுப் பக்கத்து வேலியில் செம்பரத்தைக்குப் பக்கத்தில் வைத்தேன். கீழே செம்பரத்தையின் நிழல், மேலே காலை வெயில். சாடியில் மண் தெரியாமல் கூழாங்கல் பரப்பினேன். மூங்கில் சிம்பால் ஒரு சின்ன ஏணி செய்து, உமது பழைய நூல்சேலைக் கரையைக் கிழித்துக் கொடியை மெதுவாகக் கட்டினேன். நாலடிக்கு மேல் போகாத குட்டி இனம் என்று நீர் சொன்னது சரிதான். என் நெஞ்சளவு வந்ததும் நின்றுவிட்டது.

பிறகு மொட்டு வந்தது. ஒரே ஒரு மொட்டு. முதலில் பச்சை, பிறகு கத்தரிக்காய் நிறம். ஏழு நாள் கதிரையைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் இருந்தேன். வயலில் வெள்ளாமை விளைந்து கிடக்கிறது, மனுசன் வேலிக்கு முன்னால் கதிரை போட்டு இருக்கிறான் என்று றோட்டால் போனவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வியாழக்கிழமை பின்னேரம் அது பாதி விரிந்தது. உடனே படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். பாதிப் பூவை அனுப்பி உம்மிடம் பாதிப் புள்ளி வாங்குவானேன், விடியட்டும், முழுப் பூவாக அனுப்பலாம் என்று நினைத்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

வெள்ளிக்கிழமை விடிய வெட்டு மெசின் வந்துவிட்டது என்று வயலுக்கு ஓடினேன். ஏழு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் காம்பு நிற்கிறது, பூவைக் காணவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குரங்கைத் திட்டினேன், மயிலைத் திட்டினேன், பக்கத்து வளவு மாயாண்டியின் ஆட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே திட்டினேன். அது கேட்டு மாயாண்டி வேலியைத் தாண்டி வந்தார். உமக்குத் தெரியும், மாயாண்டியின் அப்பாதான் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், மாயாண்டி பிறந்தது இங்கே கல்மடுவில். மலையை ஒரே ஒரு தரம், அதுவும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் கண்டவர். ஆனாலும் இந்தச் சாடி வந்த நாளிலிருந்து “நம்ம ஊருச் செடிங்கண்ணே” என்று உரிமை கொண்டாடுகிறார். காம்பைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஆடு கடிச்சா பிச்சுக்கிட்டு இருக்கும். இது நகம் வச்சுக் கிள்ளுனது. இன்னைக்கு என்ன கிழமைண்ணே?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆடி வெள்ளி.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பறந்தேன். போய் நின்றால், ஐயர் தீபம் காட்டுகிறார், பிள்ளையாரின் நெற்றிக்கு மேலே, நட்ட நடுவில், உள்ளங்கை அகலத்தில், ஆறு இதழ் விரித்துக்கொண்டு நிற்கிறது உமது கிளெமாட்டிஸ். அருந்ததி, பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு நீலத்தை நான் கண்டதில்லை. சுற்றி எல்லோரும் அரோகரா என்கிறார்கள். நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

கோயில் தலைவர் செல்வநாயகம் கண்டுவிட்டார். “ஓய் யோகலிங்கம், வயற்சேத்தோட தோயாமல் வந்து நிக்கிறதும் காணாதெண்டு மூலஸ்தானத்தைப் படமும் எடுக்கிறீரோ?” என்று சனத்துக்கு முன்னால் கத்தினார். படத்தை அழிக்கும்வரை எனக்குப் பக்கத்தை விட்டு நகரவில்லை. அழித்த படம் இன்னொரு இடத்தில் கிடக்கும் என்று எங்கிருந்தோ கேள்விப்பட்டிருக்கிறார், அங்கேயும் போய் அழிக்க வைத்தார்.

பக்கத்தில் சிவனேஸ்வரி அக்கா கண்ணீர் மல்க நிற்கிறா. “தம்பி, உங்கட வேலியில ஒரு லண்டன் பூ எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டது. பிள்ளையாருக்கெண்டே பூத்த மாதிரி” என்றா. நான் என்ன சொல்ல? றோட்டுப் பக்கம் சாய்ந்த பூ சாமிக்கு என்பது இந்த ஊர் வழக்கம். செம்பரத்தை, நந்தியாவட்டை எல்லாம் இருபது வருடமாக அவா நம் வேலியில்தான் பறிக்கிறா. “கேக்கத் தேவையில்லை அக்கா, பறியுங்கோ” என்று அவாவுக்குச் சொல்லி வைத்ததே நீர்தான். தலைக்கு வெயில் வேண்டும் என்று கொடியின் தலையைக் கம்பிக்கு வெளியே நீட்டி விட்டது நான். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு, சந்தோசம் அக்கா என்றேன். அருந்ததி எப்ப வாறா என்று கேட்டா. அது அவவின்ர விருப்பம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு கோயிலில் வாசமில்லாத பூவைச் சாத்தலாமா என்று பெரிய கதை நடந்ததாம். ஐயர், பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லையே என்று முடித்து வைத்தாராம். இப்போது ஊரில் நாலு பேர் தங்கள் வளவில் நட ஒரு தடி முறித்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள்.

இன்னுமொரு விசயம். செடியில் நத்தை வந்திருக்கிறது. இலையை அரித்து அரித்துத் தின்கிறது. என்ன செய்யலாம் என்று உடனே எழுதும். மிகவும் அவசரம்.

உமது கேள்விக்கு வருகிறேன். நன்றாக யோசித்தேன். தாளும் முடிந்துவிட்டது. உமது விருப்பம் எதுவோ அதுவே என் விருப்பமும்.

இப்படிக்கு,
சி. யோகலிங்கம்

---

ஹட்டன்
18.08.2025

அன்புள்ள உங்களுக்கு,

தடிமன் மாறிவிட்டது. மழை மாறவில்லை. நேற்றுத் தோய்த்துப் போட்ட உடுப்பு இன்றைக்கு இன்னும் கூடுதலாக ஈரமாக இருக்கிறது. மற்றப்படி சுகம்.

உங்கள் எட்டாவது அறிக்கை கிடைத்தது. ஆசிரியர் விடுதியில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். செல்வநாயகத்தார் படம் அழிக்க வைத்த இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு தனிய இருந்து இன்னொரு முறை வாசித்தேன். சிவனேஸ்வரி அக்காவுக்கு அரைப் பக்கம், செல்வநாயகத்தாருக்குக் கால் பக்கம், மாயாண்டியின் ஆட்டுக்கு மூன்று வரி, நத்தைக்கு இரண்டு வரி. என் கேள்விக்குத் தாள் முடிந்துவிட்டது.

முதலில் செடியின் விசயத்தை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு நித்திரை வராது. பூ கிள்ளிய இடத்துக்குக் கீழே, நல்ல இலைச்சோடி இருக்கும் கணுவுக்கு மேலாக அளவாக வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் திரும்ப மொட்டு வரும். விடியற்காலையில் சாடியின் அடியால் வழியும்வரை தண்ணீர் விடுங்கள், ஆனால் தண்ணீர் கட்டி நிற்கக் கூடாது, அது வயல் அல்ல. கொடியின் தலையை வளவுக்குள் திருப்பிக் கட்டுங்கள். யூரியாப் பையைச் சாடிக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். போட்டால் இலைதான் வரும், பூ வராது.

வைகாசியில் நிலத்திலிருந்து இரண்டு கணு விட்டு மிச்சம் முழுவதையும் வெட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிவுதான் இப்போது பூவாக வந்திருக்கிறது. வெட்டப் பயப்படுகிற மாணவிகளுக்கு உங்களைத்தான் உதாரணமாகச் சொன்னேன். ஒரு நெல் விவசாயி கையே நடுங்காமல் வெட்டியிருக்கிறார், உங்களுக்கு என்ன பயம் என்று.

நத்தைதான் எனக்கு விளங்கவில்லை. ஆனி தொடங்கி அங்கே ஒரு துளி மழை இல்லை என்று நீங்களே எழுதினீர்கள். கிணறு அடியில் நிற்கிறது, கச்சான் காற்று கண்ணைத் திறக்க விடுகுதில்லை என்றும் எழுதினீர்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு நத்தை எந்த பஸ்ஸில் வந்தது?

இனி நான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியைகளாகி வெளியே போவதைப் பார்க்க நெஞ்சு நிறைகிறது. பீடாதிபதி கூப்பிட்டு, நீங்கள் இருந்தால் இந்தப் பிரிவை உங்களிடமே தந்துவிடுவேன் என்றார். என்னால் இங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியும். அதற்குப் பிறகும் இருக்க முடியும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வவுனியாவிலும் இதே வேலைதான். ஐந்து நாள் அங்கே, வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டும் எனக்குச் சரி. அதனால்தான் உங்களைக் கேட்டேன். உழவு மெசின் வாங்கவா என்று கேட்டால் மூன்று நாள் கதைப்பீர்கள். வேலிக்கு எத்தனை கம்பி என்று கேட்டால் கிணற்றடியிலிருந்து கத்துவீர்கள். பெண்சாதி வரவா இருக்கவா என்று கேட்டால் மட்டும், உமது விருப்பம். போன இரண்டு வருடத்தில் இதை எத்தனை தரம் எழுதிவிட்டீர்கள்! முதலில் வாசித்தபோது, எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்தேன். இப்போது வாசித்தால், இந்த மனுசனுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதானோ என்று தோன்றுகிறது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. தாளில் பட்ட ஈரம் மழை அல்ல.

படிவம் மேசையில் கிடக்கிறது. 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் உங்கள் பதில் வராவிட்டால், இங்கேயே இருக்கிறேன் என்ற கட்டத்தில் சரி போட்டுக் கொடுத்துவிடுவேன். அடுத்த கடிதத்தில் செடியைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அருந்ததி

---

ஹட்டன், பஸ் நிலையத்துக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை
28.08.2025, காலை

அன்புள்ள அருந்ததிக்கு,

மேலே எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டிலும் ஒன்றும் இல்லை. உமது கடிதம் செவ்வாய்க்கிழமைதான் என் கைக்கு வந்தது. தபாலில் பதில் போட்டால் அடுத்த கிழமைதான் உம்மிடம் வரும். போனில் சொல்வோம் என்று எடுத்தேன். நீர் நல்ல மழைக்குள் சிக்னலுக்காகத் தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறி நின்று, “என்னப்பா, சொல்லுங்கோ” என்றீர். நான் சாப்பிட்டீரோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கே என்மேல் கோபம் வந்தது. நேற்றுப் பின்னேரம் பஸ் ஏறிவிட்டேன்.

செடியைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர். மன்னித்துக்கொள்ளும், செடியைப் பற்றி எழுதிய பொய்களைப் பற்றி எழுதத்தான் வேண்டும்.

நத்தை இல்லை. அதற்கு முந்திய கடிதத்தில் வந்த வெள்ளைப் பூஞ்சணமும் இல்லை. ஆனியில் இலை சுருண்டது என்றேனே, அதுவும் இல்லை. செடி நன்றாக இருக்கிறது என்று எழுதினால் உமது பதில் வர மூன்று கிழமை ஆகிறது. செடிக்கு வருத்தம் என்று எழுதினால் பத்தாம் நாளே பதில் நிற்கிறது, அதுவும் இரண்டு பக்கம். இதைக் கண்டுபிடித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பூஞ்சணம் என்ற சொல்லையே விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத்தான் எழுதினேன். நெல்லுக்கோ என்று கேட்டார், இல்லை பெண்சாதிக்கு என்று சொல்லிவிட்டேன். அந்த மனுசன் இன்றைக்கும் என்னைக் கண்டால் உம்மைச் சுகம் விசாரிக்கிறார்.

வைகாசியில் வெட்டியது நான் அல்ல. வேர் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சாடியைச் சுற்றி நல்ல மொத்தமாக வைக்கோல் போட்டு மூடினேன். நமக்குத் தெரிந்த குளிர்ச்சி அதுதானே. காலையில் பார்த்தால் மாயாண்டியின் பெண்சாதி வீரம்மாவின் சிவப்புப் பசு வைக்கோலையும் தின்று, வைக்கோலுக்குள் நின்ற செடியையும் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. மண்ணுக்கு மேலே இரண்டு கணுதான் மிச்சம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். மாயாண்டி வந்து பார்த்துவிட்டு, “கவலப்படாதீங்கண்ணே, தோட்டத்துல கங்காணி நின்னு பாத்தாக்கூட இவ்வளவு திருத்தமா கவ்வாத்து வெட்ட மாட்டாங்க” என்றார். தளிர்த்ததும் நான் வெட்டியதாக உமக்கு எழுதிவிட்டேன். மாணவிகளுக்கு நீர் உதாரணம் சொன்ன கை, கை அல்ல. அது ஒரு வாய். அதை மட்டும் அவர்களுக்குச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பெரிய உதவி.

யூரியா ஒரே ஒரு தரம், ஒரே ஒரு சிட்டிகை. பசித்த பிள்ளை மாதிரி நின்றது, என் கை கேட்கவில்லை. அத்துடன் பொய்கள் முடிந்தன.

இனி உமது கேள்வி.

இரண்டு வருடத்துக்கு முன் உமக்கு ஹட்டனுக்கு நியமனம் வந்தபோது, யோகலிங்கம் விடமாட்டான் என்று ஊரே சொன்னது. கோயில் வாசலில் வைத்துச் செல்வநாயகம், “என்ன, பொம்பிளையைத் தனிய மலைக்கு விடப்போறீரோ?” என்று கேட்டார். அது அவவின்ர விருப்பம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அந்தச் சொல் பிடித்துப்போனது. ஒரு பெரிய மனுசன் ஆன மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னேன். நீர் கேட்டபோதும் அதையே சொன்னேன். ஊருக்குப் போட்ட வேசம், வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றத் தெரியவில்லை.

மகள் பிரியந்தினி மட்டக்களப்பு விடுதியிலிருந்து போன் எடுத்து, “அப்பா, அம்மா கேக்கிறது செடியைப் பற்றி இல்லை, வாயைத் திறந்து சொல்லுங்கோ” என்று என்னை ஏசினாள். நீர் அவளுக்கும் சொல்லியிருக்கிறீர் போல. பின்னேரம் ஆனால் ஏதாவது சாட்டுச் சொல்லி மாயாண்டி வீட்டுக்குப் போய் இருந்துவிடுகிறேன். போன கிழமை வீரம்மா நேரே சொல்லிவிட்டா, “அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அந்தச் செடியப் பத்தி இதுக்கு மேல கேக்க எங்களால முடியல. அக்காவக் கூப்புட்டுக்கங்க” என்று.

சிவனேஸ்வரி அக்காவிடமும் கடைசியில் உண்மையைச் சொன்னேன். திரும்ப ஒரு மொட்டு வந்து விரியப் பார்த்தது, நேற்றோ ஆவணிச் சதுர்த்தி. பயத்தில் அவா வீட்டுக்கே போய், அக்கா, அது அருந்ததிக்குக் காட்ட வைத்திருக்கிற பூ என்றேன். “உதை முந்தியே சொல்லுறதுக்கென்ன தம்பி, வாயுக்குள்ள கொழுக்கட்டையே?” என்று நல்ல கிழி கிழித்தா. பிறகு சாடிக்குத் தானே காவல் என்று என்னை அனுப்பி வைத்தா. சதுர்த்திக்கும் பறிக்கவில்லை. பிள்ளையாருக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை, ஆனபடியால் அவர் கோவிக்கமாட்டார், பொறுத்துக்கொள்ளுவார் என்று சொன்னா.

இத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. உமக்குத்தான் சொல்லவில்லை. சொல்கிறேன்.

வவுனியாவுக்குக் கேளும். எனக்கு நீர் இல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளாமை வெட்டி முடிந்த அன்றைக்கு, இம்முறை நல்ல விளைச்சல் என்று வீட்டுக்குள் வந்து சொல்ல வாய் எடுத்தேன். குசினி பூட்டிக் கிடந்தது. அப்படியே வாசலில் குந்தி அழுதேன். அருந்ததி, ஐம்பத்தாறு வயது மனுசன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. செடி வாடுகிறது என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. நான் வாடுகிறேன் என்று எழுதத்தான் வெட்கம்.

திங்கட்கிழமை விடிய வவுனியா பஸ்ஸுக்கு நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து ஏற்றுகிறேன். நீர் அங்கே பெரிய ஆளாக வரலாம், எனக்குப் பெருமைதான். அதை வவுனியாவிலிருந்து வாரும்.

இதற்கு மேலே ஒரு வரியைக் கறுப்பாக வெட்டியிருக்கிறேன், கண்டிருப்பீர். மாணவிகளை நினைத்துப் பார்த்து, திரும்பவும் “உமது விருப்பம்” என்று எழுதிவிட்டேன். அதை வாசிக்க முயற்சி செய்ய வேண்டாம். அது என் விருப்பம் அல்ல. என் விருப்பம் நீர் வருவது.

இந்தப் பந்தியை உமது கல்லூரிக் காவலாளியின் கொட்டிலில் இருந்து எழுதுகிறேன். தேத்தண்ணிக் கடையில் ஒரு மணித்தியாலம் எழுதியதால் கடைக்காரர் என்னை வரிக் கணக்குப் பார்க்கிற ஆள் என்று நினைத்து, காசுப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். காவலாளி நல்ல மனுசன். பெயர் சுடலைமுத்து. உள்ளே போய் இருங்கள், மேடத்தைக் கூப்பிடுகிறேன் என்றார். வேண்டாம், முதலில் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள், வாசித்து முடிக்கட்டும் என்றேன். உம்மை நேரே கண்டால், பஸ்ஸில் சனம் எப்படி, நெல்லு என்ன விலை என்று தொடங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

நீர் சுகமாக, நீண்ட ஆயுளோடு, படிப்பிக்கிற பிள்ளைகள் எல்லாம் கும்பிடும்படி இருக்க வேண்டும். அந்த வாழ்த்தை வீட்டில் இருந்துகொண்டு வாங்கும்.

வேட்டியோடும் ஒரு சேட்டோடும் வந்துவிட்டேன். இந்த ஊரில் இப்படி நனைக்கும் என்று இரண்டு வருடமாக நீர் எழுதியதை நான் சரியாக வாசிக்கவில்லை. எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. அதற்குக் குளிர் பாதிக் காரணம்தான். கேற்றடியில் நிற்கிறேன், கெதியாய் வாரும்.

உம்முடைய
யோகலிங்கம்